மாமியாரின் கழுத்துக் கட்டி: ஊசியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்

கேள்வி:

மதிப்புக்குரிய டாக்டர் ஐயா, என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 11 ஆண்டுகளாக மெக்சிகோ சிட்டியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மனைவி இந்த நாட்டுப் பெண். பக்கத்து நகரமான தொலூக்காவில் பிறந்தவள். என் மாமியாருக்கு வயது 58. தொலூக்காவை விட்டு அவர் அதிகம் நகர்ந்ததில்லை. நான்கு ஆண்டுகளாக அவருடைய இடது தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லை. மெல்ல வளர்ந்து இப்போது 3 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 'பராகாங்லியோமா' என்று எழுதி, அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ஊரில் மருத்துவராக இருக்கும் என் சித்தப்பா மகன், 'ஊசி போட்டு எடுத்துப் பார்க்காமல் எப்படி ஆபரேஷன் செய்வார்கள்? டிபியாகக்கூட இருக்கலாம், இங்கே கூட்டிக்கொண்டு வா' என்கிறார். இங்குள்ள மருத்துவரோ, 'மலைநாட்டில் இது எங்களுக்குப் பழகிய நோய்' என்று சிரிக்கிறார். உயரமான இடத்தில் வாழ்ந்தால் கட்டி வருமா? என் மனைவிக்கும் ஏழு வயது மகளுக்கும் வருமா? குடும்பத்தோடு சென்னைக்கே வந்துவிடலாமா? தள்ளித் தள்ளிப் போன மகளின் காதுகுத்தை அடுத்த தை மாதம் ஊரில் வைத்திருக்கிறோம். மாமியார் விமானத்தில் வரலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் சித்தப்பா மகன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கழுத்தில் கட்டி என்றால் முதலில் நெறிகட்டி, அடுத்து டிபி, அதன் பிறகுதான் மற்றவை என்று படித்து வந்தவர்கள் நாங்கள். நம் பாட்டிமார் கண்டமாலை என்று சொன்னதும் அந்த டிபியைத்தான். நம் ஊர் வெளிநோயாளிப் பிரிவில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது. மெல்லிய ஊசியைச் செருகி நாலு துளி உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து அனுப்பினால் இரண்டு நாளில் விடை வந்துவிடும். உங்கள் மாமியாருக்கு வந்திருப்பது அந்தக் கணக்குக்குள் அடங்காத கட்டி.

நான் மேற்படிப்பு மாணவனாக இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், தாடைக்கோணத்துக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக் கட்டி. நெறிகட்டி என்றே நினைத்தோம். ஊசி போட்ட மாணவன் நான்தான். பிஸ்டனைப் பின்னால் இழுப்பதற்கு முன்பே சிரிஞ்சுக்குள் பளீரென்று சிவப்பு ஏறியது. ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். விரலுக்கடியில் கட்டி துடித்தது. அரை மணி நேரம் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, 'கை வலிக்கலையா தம்பி?' என்று கேட்டார். எங்கள் பேராசிரியர் வந்தார். என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கட்டியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தார். நகர்ந்தது. மேலும் கீழுமாக அசைத்தார். நகரவில்லை. 'இதை முதலில் செய்திருக்க வேண்டும்' என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கழுத்தில் எந்தக் கட்டியைப் பார்த்தாலும் என் விரல்கள் தாமாக அந்த இரண்டு அசைவுகளையும் செய்துவிடுகின்றன.

முன்பின்னாக அசையும், மேல்கீழாக அசையாது என்றால் அந்தக் கட்டி ஓடும் ஒரு குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பந்தலில் குறுக்கே கட்டிய கயிற்றில் ஒரு முடிச்சு இருந்தால் அதைக் கயிறோடு சேர்த்து முன்பின்னாக ஆட்டலாம். கயிற்றின் நீளவாக்கில் நகர்த்த முடியாது. இங்கே கயிறு என்பது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகக் கிளை பிரிகிறது. ஒன்று மூளைக்கு, மற்றொன்று முகத்துக்கு. அந்தக் கவட்டையின் இடுக்கில், அரிசி மணியளவில் ஓர் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. பெயர் கரோட்டிட் பாடி. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அந்த அரிசி மணி வளர்ந்து எலுமிச்சம்பழம் ஆவதைத்தான் கரோட்டிட் பாடி கட்டி என்கிறோம். உங்கள் மாமியாரின் அறிக்கையில் உள்ள பராகாங்லியோமா என்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எல்லாக் கட்டிகளுக்கும் பொதுவான பெயர்.

சி.டி. படத்தைக் கணினியில் திறந்து பாருங்கள். கிளை பிரியும் இடத்தில் இரண்டு தமனிகளும் நேராக ஏறாமல், நடுவில் எதையோ அணைத்துக்கொண்டு இரு பக்கமும் வளைந்து விலகி நிற்கும். நடுவில் இருப்பது மருந்து செலுத்தியதும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். மருத்துவ நூல்கள் அந்த வளைவை ஒரு பழைய நரம்பிசைக் கருவியின் பெயரால் அழைக்கின்றன. நாம் யாழ் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த யாழ் படத்தில் தெரிந்துவிட்டால் ஊசிக்கு வேலை இல்லை. மெல்லிய ஊசி போட்டவர்கள் எல்லோருக்கும் விபரீதம் நடந்துவிடும் என்று பயமுறுத்தமாட்டேன். போட்டுத் தப்பித்த நோயாளிகள் நிறைய உண்டு, நான் ஊசி போட்ட அந்த அம்மாள் உட்பட. ஆனால் தடித்த ஊசியால் சதை எடுப்பதும், கத்தியால் கீறித் துண்டு எடுப்பதும் ஒருபோதும் கூடாது. அப்படி எடுத்தாலும் பயனில்லை என்பது இன்னொரு விஷயம். இந்தக் கட்டி சாதுவா, பரவக்கூடியதா என்பதை நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வேறு இடத்துக்குப் பரவியிருந்தால்தான் அதைப் பரவும் கட்டி என்று அழைக்கிறோம். ஆகவே மெக்சிகோ மருத்துவர் ஊசி போடாததைக் குறையாக நினைக்க வேண்டாம். தெரிந்துதான் விட்டிருக்கிறார்.

இனி மலை.

அந்த அரிசி மணியின் வேலை ரத்தத்தை ருசி பார்ப்பது. மூளைக்குப் போகும் வழியில், சாவடியில் உட்கார்ந்து வண்டிகளைச் சோதிப்பவர் போல, ஓடும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கிறது. குறைந்தால் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். நாம் நம்மை அறியாமல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவோம். எடைக்கு எடை பார்த்தால் உடலின் வேறெந்த உறுப்புக்கும் கிடைக்காத அளவு ரத்தம் இதற்குள் பாய்கிறது. நான் ஊசி போட்டபோது சிரிஞ்சு நிறைந்ததன் காரணம் அதுதான். இது ரத்தத்தின் தன்மையை உணரும் உறுப்பு என்று 1920களில் நுண்ணோக்கி வழியே கண்டு சொன்னவர் ஸ்பெயின் நாட்டின் ஃபெர்னாண்டோ தெ காஸ்ட்ரோ. நாய்களில் சோதனை செய்து அதை நிலைநாட்டிய பெல்ஜியத்தின் கோர்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு போனது. தெ காஸ்ட்ரோவுக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த நேரத்தில் அவர் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். நம் உதகமண்டலமும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஊட்டிக்கு மேலே ஒரு பெருநகரத்தைத் தூக்கி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலூக்கா இன்னும் மேலே, சுமார் 2,660 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் நூற்றுக்கு 21தான். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குக்குப் பக்கமாகத்தான் உங்கள் ஊரில் கிடைக்கும். பெருவின் செர்ரோ தெ பாஸ்கோ போல 4,300 மீட்டரில் இருக்கும் சுரங்க ஊர்களில் அதுவும் சுருங்கி, பத்தில் ஆறு பங்குக்கு இறங்கிவிடும். சுற்றுலாப் பயணிக்கு இது நாலு நாள் தலைவலி. அங்கேயே பிறந்து அறுபது ஆண்டுகள் வாழ்பவரின் அரிசி மணிக்கோ ஓய்வே கிடையாது. பிறந்த நாள் முதல் 'காற்று போதவில்லை' என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. வேலை கூடினால் தசை பருப்பது போல, அதுவும் பருக்கிறது.

இதை முதலில் எடை போட்டுப் பார்த்தவர் பெரு நாட்டின் நோய்க்குறியியல் மருத்துவர் ஹாவியர் அரியாஸ் ஸ்டெல்லா. லிமா கடற்கரையில் வாழ்ந்து இறந்தவர்களின் கரோட்டிட் பாடிகளையும், ஆண்டீஸ் மலை மேல் வாழ்ந்து இறந்தவர்களின் கரோட்டிட் பாடிகளையும் தராசில் வைத்தார். மலைக்காரர்களுடையது பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. 1969இல் அதை எழுதினார். இந்த மனிதர் பிற்பாடு பெருவின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். பிணவறைத் தராசிலிருந்து அமைச்சரவைக்குப் போன இன்னொருவரை நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் அவர் கூட்டாளியும் அதே மலை மேய்ச்சல் நிலங்களின் மாடுகளிலும் இந்தக் கட்டியைக் கண்டார்கள். 1973இல் பெருவிலிருந்தே சல்தான்யா குழுவினரின் கட்டுரை வந்தது: கடல் மட்டத்து மக்களோடு ஒப்பிட்டால் மலைவாழ் மக்களிடம் இந்தக் கட்டி ஏறத்தாழ பத்து மடங்கு. பிறகு மெக்சிகோ சிட்டி, பொலிவியாவின் லா பாஸ், ஈக்வடாரின் கீட்டோ, கொலம்பியாவின் பொகோட்டா என்று உயரமான நகரங்களிலிருந்தெல்லாம் அறுவை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் கணக்கை எழுதத் தொடங்கினார்கள். எல்லாவற்றிலும் ஒரே முகம்: ஐம்பதை ஒட்டிய வயது, குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், ஆண்களை விடப் பெண்கள் பல மடங்கு. உங்கள் மாமியார் அந்த வர்ணனையிலிருந்து எழுந்து வந்தவர் போல இருக்கிறார். அவருடைய மருத்துவர் சிரித்ததன் பொருளும் இதுதான்.

பத்து மடங்கு என்றதும் தொலூக்காவில் வீட்டுக்கு வீடு இந்தக் கட்டி என்று எண்ணிவிடாதீர்கள். மிக மிக அரிதான ஒன்றின் பத்து மடங்கும் அரிதுதான். மலையில் பிறந்து மலையிலேயே முதுமை அடைபவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. உங்களுக்கும் பயம் வேண்டாம். இருபது, முப்பது வயது வரை தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் நீங்கள்.

அப்படியானால் உங்கள் மனைவி? மகள்? உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது இந்தக் கேள்விக்குத்தான். மலை மட்டுமே காரணம் என்றால் பரம்பரைக் கவலை இல்லை. ஆனால் இந்தக் கட்டிக்கு மலையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது மரபணு. கடல் மட்டத்துக்கும் கீழே வயல் வைத்திருக்கும் நெதர்லாந்தில் இந்தக் கட்டி குடும்பம் குடும்பமாக வருகிறது. அங்கே மலையே கிடையாது. 2000ஆம் ஆண்டில் அதன் முடிச்சு அவிழ்ந்தது. நம் செல்களுக்குள் ஆக்சிஜனை வைத்து எரிபொருளை எரிக்கும் அடுப்புகள் இருக்கின்றன, மைட்டோகாண்ட்ரியா என்கிறோம். அந்த அடுப்பின் ஒரு பாகத்தைச் செய்யும் எஸ்.டி.எச்.டி. என்ற மரபணுவில் பழுது. அடுப்பு பழுதானால் எரியாத கழிவு தேங்குகிறது. அந்தத் தேக்கத்தைப் பார்த்துச் செல், 'ஆக்சிஜன் இல்லை போலிருக்கிறது' என்று தவறாக முடிவு செய்கிறது. ஆக்சிஜன் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சகாலத்து ஏற்பாடுகள் எல்லாம் உள்ளே முடுக்கிவிடப்படுகின்றன. வளர்ச்சியும் அதில் ஒன்று.

மலை மெய்யாகவே 'ஆக்சிஜன் போதவில்லை' என்கிறது. பழுதான மரபணு அதையே பொய்யாகச் சொல்கிறது. அந்த அரிசி மணிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. செல் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்ந்து நடந்துகொள்கிறது என்று கண்டதற்காக 2019இல் கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். ஆண்டீஸ் மாட்டுக்கும் ஆம்ஸ்டர்டாம் குடும்பத்துக்கும் ஒரே கட்டி வருவதன் ரகசியம் அந்த வழியில்தான் இருக்கிறது.

ஆகவே மாமியார் மலைக்காரர் என்பதாலேயே மரபணுப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம். மலைநாட்டு நோயாளிகளில் பரம்பரைப் பழுது இருப்பவர்கள் குறைவுதான். ஆனால் பராகாங்லியோமா வந்த எல்லோரையும் பொதுவாகச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஒரு ரத்த மாதிரி போதும். பழுது இல்லை என்று வந்துவிட்டால் உங்கள் மனைவியையும் மகளையும் பற்றிய கேள்வியை அன்றோடு மடித்து வைத்துவிடலாம்.

பழுது இருக்கிறது என்று வந்தால் அது எந்த மரபணு என்பதைப் பொறுத்துக் கதை மாறும். எஸ்.டி.எச்.டி. ஆக இருந்தால் ஒரு விசித்திரம் உண்டு. அது தகப்பன் வழியாக வந்தால்தான் நோயைத் தரும். தாய் வழியாக வந்தால் உடம்பில் இருக்குமே தவிர, மிக அபூர்வமாகத் தவிர, கட்டியைத் தராது. உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். மாமியாரிடமிருந்து உங்கள் மனைவிக்கு அது வந்திருந்தாலும் அவர் சுமப்பவர் மட்டுமே. மனைவியிடமிருந்து மகளுக்குப் போனாலும் மகளும் சுமப்பவர் மட்டுமே. ஆனால் உங்கள் மைத்துனருக்குப் போயிருந்தால் அவருக்கு ஒன்றும் வராது, அவர் பிள்ளைகளுக்கு வரலாம். அவர்களுக்கு அது தகப்பன் சொத்து அல்லவா! இப்படித் தலைமுறை தாண்டித் தலைகாட்டுவதால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். எனவே மாமியாரிடம் அவருடைய அப்பாவைப் பற்றியும், அப்பாவின் உடன்பிறந்தவர்களைப் பற்றியும் கேளுங்கள்: கழுத்தில் கட்டி, காதுக்குள் துடிப்பு, காரணம் தெரியாத ரத்த அழுத்தம், இளவயதில் திடீர்ச் சாவு. எஸ்.டி.எச்.பி. என்று வேறொரு மரபணு உண்டு. அது தாய், தகப்பன் என்று பார்ப்பதில்லை, பரவும் குணமும் அதில் அதிகம். அது வந்தால் மனைவிக்கும் பரிசோதனை அவசியம். மகளுக்கு எப்போது செய்வது என்பதை மரபணு ஆலோசகர் சொல்வார்.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டி அவசரக்காரன் அல்ல. சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும்; சில கட்டிகள் வளராமலே பல ஆண்டுகள் கிடக்கும். பரவுவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எண்பது வயதில், இதய நோயோடு ஒருவர் இதே படத்தைக் கொண்டுவந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றோ, வளர்ச்சியை நிறுத்தக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றோ சொல்வேன். உங்கள் மாமியாருக்கு 58. முன்னால் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. கட்டி 3 சென்டிமீட்டர். நானாக இருந்தாலும் எடுத்துவிடத்தான் சொல்வேன். இந்த மாதமா, நாலு மாதம் கழித்தா என்பது அவர் வசதி. நாலு வருடம் கழித்து என்றால் எனக்குச் சம்மதம் இல்லை.

ஏன் என்றால், கோயில் கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். பிறகு வேர் கல் இடுக்கில் இறங்கும். கடைசியில் வேரை வெட்டினால் கல்லும் பெயர்ந்து வரும். 1971இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷாம்ப்ளின் குழுவினர் இந்தக் கட்டியைப் பிரித்த மூன்று நிலைகளும் இதே கதைதான்: தமனியை ஒட்டி நிற்பது, தமனியைப் பாதி தழுவியிருப்பது, தமனியை முழுக்கச் சுற்றி விழுங்கிவிட்டது. முதல் நிலையில் உரித்தெடுத்துவிடலாம். மூன்றாம் நிலையில் தமனியையும் வெட்டி, காலிலிருந்து எடுத்த சிரையை அந்த இடத்தில் தைக்க வேண்டி வரலாம். மாமியாரின் கட்டி எந்த நிலை என்று கேளுங்கள். படத்திலிருந்தே ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

ரத்தப்போக்கும் பக்கவாதமும்தான் எல்லோரும் பயப்படுபவை. 1880களில் இந்த அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது தமனியையே கட்டிப் போட்டார்கள். சிலர் இறந்தார்கள், சிலருக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. இன்று தேர்ந்த கைகளில் அவை மிகக் குறைவு. இன்றும் முழுக்கத் தவிர்க்க முடியாதது நரம்புக் காயம். நாக்கை அசைக்கும் நரம்பு கட்டியின் மேலேயே குறுக்காகப் போகிறது; குரலுக்கும் விழுங்குவதற்குமான நரம்பு பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. இழுபட்டால் சில வாரங்கள் குரல் கம்மும், தண்ணீர் குடித்தால் புரையேறும், நாக்கு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். இன்னொரு வினோதமும் உண்டு: சாப்பிட உட்கார்ந்ததும் முதல் கவளத்துக்கு மட்டும் தாடையில் சுரீரென்று வலிக்கும், அடுத்தடுத்த வாய்க்கு மறைந்துவிடும். எலுமிச்சை பிழிந்த சாப்பாடாக இருந்தால் இன்னும் கூடும். உங்கள் மெக்சிகோ சமையலில் எலுமிச்சை பிழியாதது எது? முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பல் வலி என்று பல் டாக்டரிடம் போய் நிற்பார்.

கத்தி வைப்பதற்கு முன் முடித்திருக்க வேண்டியவை சில. கட்டி அட்ரினலின் வகைச் சுரப்பை ரத்தத்தில் கொட்டுகிறதா என்று மெட்டாநெஃப்ரின் பரிசோதனை; கழுத்துக் கட்டிகளில் இது அரிது, ஆனால் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே ரத்த அழுத்தம் எகிறும். குரல்நாண் இரண்டும் இப்போது சரியாக அசைகின்றனவா என்று தொண்டைக்குள் பார்த்து எழுதி வைக்க வேண்டும். வலது பக்கத்து அரிசி மணியையும் படத்தில் தேட வேண்டும். இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு பக்கத்தை எடுத்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் போய்விட்டால், பக்கத்திலேயே இருக்கும் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் சேர்ந்து குலைந்து, அழுத்தம் ஒரு மணிக்கு ஏறும், மறு மணிக்கு இறங்கும். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சைக் கூட்டச் சொல்லும் காவல்காரரும் இருக்க மாட்டார், 2,660 மீட்டரில் அது சின்ன விஷயம் இல்லை.

சென்னைக்குக் கூட்டிவந்து செய்யலாமா? இந்த ஒரு நோய்க்கு எங்களிடம் வருவது, கொல்லன் தெருவில் குடியிருப்பவர் ஊசி வாங்க வெளியூர் போவது போலத்தான். சமவெளியில் இருக்கும் எங்களுக்கு இது எப்போதாவது வரும் விருந்தாளி. உங்கள் நகரத்தில் சால்வடோர் சுபிரான் பெயரிலான தேசிய மருத்துவ, ஊட்டச்சத்து நிறுவனம் போன்ற இடங்களில் இந்தக் கட்டியைத் தொடர்ந்து அறுத்து, கணக்கு வைத்து, உலகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அறுவை மருத்துவரிடம் கூச்சப்படாமல், 'இதுவரை இதுபோல எத்தனை செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குக் குரல் போனது?' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கினால் இன்னொருவரைப் பாருங்கள்.

நோய்க்குப் பயந்து மலையை விட்டு இறங்குவது பற்றி: வந்துவிட்ட கட்டியை இறங்குவதால் கரைக்க முடியாது. வராத ஒன்றுக்காக மனைவியின் ஊரையும் மகளின் பள்ளிக்கூடத்தையும் நீங்கள் விட வேண்டியதில்லை. சென்னைக்கு வர வேறு காரணம் இருந்தால் வாருங்கள், மகிழ்ச்சி. இந்தக் காரணத்துக்காக வேண்டாம். உங்கள் மனைவி முப்பதைத் தாண்டியபின், ஏதாவது ஒரு மருத்துவப் பரிசோதனையின்போது கழுத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னால் போதும்.

காதுகுத்துக்கு வரலாமா என்றால், தாராளமாக. அறுவை சிகிச்சைக்கு முன்னால் வருவதானால் மெட்டாநெஃப்ரின் முடிவு சரியாக இருக்கட்டும். பின்னால் வருவதானால் தையல் ஆறி, விழுங்குவது சீராகி, மருத்துவர் சம்மதித்த பிறகு வரட்டும். விமானத்தில் ஆக்சிஜன் குறையுமே என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. பயணிகள் விமானத்துக்குள் காற்றழுத்தத்தை, பூமியில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதை விடக் குறையாமல் வைத்திருக்கிறார்கள். தொலூக்காவில் அவருடைய சமையலறை அதை விட உயரத்தில் இருக்கிறது. நமக்கெல்லாம் விமானம் ஏறுவது என்றால் அவருக்கு அது மலையிறக்கம்.